ஆறு கோழிக்கு ஒரு கூடு

ஒரு காட்டின் ஓரத்தில் மனிதர்கள் விட்டுப்போன சிறிய குடியிருப்பு ஒன்று இருந்தது, குழந்தைகளே. யானைகள் ஓயாமல் வந்து அங்கிருந்த சோளக்கொல்லைகளை மிதித்துப் பாழாக்கின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் புறப்பட்டார்கள். பானையும் பாயும் போயின. ஆடும் மாடும் போயின. கோழிகளையும் கூடையில் அடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கோழி மட்டும் விடுபட்டுப் போயிற்று. அதன் பெயர் செந்தூவி.

அன்று காலையில் அது வேலிக்கு அப்பால் ஒரு கறையான் புற்றைக் கண்டுபிடித்திருந்தது. வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், வீடு திறந்து கிடந்தது. தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது. செந்தூவிக்குப் புரிந்துவிட்டது. வண்டித்தடத்தில் ஓடியது. கால் தளரும்வரை ஓடியது. புழுதி அடங்கியபோது வண்டியும் இல்லை, வண்டிச் சத்தமும் இல்லை.

அந்த வண்டியில் அதன் தங்கை தும்பை போய்விட்டது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் இரண்டும். உடம்பெல்லாம் வெள்ளையாக இருந்ததால் அதற்குத் தும்பை என்று பெயர்.

செந்தூவி வீட்டுக்குத் திரும்பியது. கொல்லையில் கூடு மட்டும் அப்படியே இருந்தது. மண்சுவர், ஓலைக்கூரை, உள்ளே குறுக்காக இரண்டு மூங்கில் கழிகள். கழிக்கு மூன்று பேர் என்று ஆறு கோழிகளுக்காகக் கட்டிய கூடு அது. வாசலுக்கு ஒரு பலகைக் கதவு உண்டு. உள்ளே தொங்கும் கயிற்றை அலகால் இழுத்தால் பலகை இறங்கி மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் காட்டிலிருந்து எது வந்தாலும் வெளியே நின்று பல்லைக் கடிக்க வேண்டியதுதான்.

ஆறு பேர் இருந்த கூட்டில் செந்தூவி தனியாக இருந்தது. தூக்கத்தில் சிறகை நகர்த்தும். பக்கத்தில் ஒன்றும் தட்டுப்படாது. உடனே விழித்துக்கொள்ளும். அப்புறம் விடியும்வரை தூக்கம் வராது.

ஒரு நாள் மாலை வேலிப் புதர் அசைந்தது. 'தும்பைதான்!' என்று செந்தூவி ஓடிப்போய்ப் பார்த்தது.

தும்பை இல்லை. புள்ளி போட்ட ஒரு விடலைக் கோழி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பெயர் குறுணி.

"சந்தைக்குப் போகிற கூடையிலிருந்து விழுந்துவிட்டேன், அக்கா. எனக்குப் போக இடம் இல்லை. ராத்திரிக்கு மட்டும் ஓர் ஓரத்தில் இருந்துகொள்ளட்டுமா?" என்று அது கேட்டது.

"ராத்திரிக்கு மட்டும் ஏன்? எப்போதும் இரு!" என்றது செந்தூவி. அன்றுதான் அது கண்ணயர்ந்து தூங்கியது.

பிறகு மொட்டைக்கழுத்தி வந்தது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத கோழி அது. பேச்சிலும் பூச்சு கிடையாது, மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும். அடுத்து சண்டைக்காரக் கருப்பி வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. கூடு நிறைந்தது. ஆறு பேரும் பகலில் ஒன்றாக மேய்ந்தார்கள், மாலையில் ஒன்றாகக் கூடடைந்தார்கள். கருப்பிகூட அவ்வளவாகச் சண்டை போடவில்லை. கழியில் உட்கார்ந்தபடி ஒரு சிறகை விரித்து மடக்க ஒவ்வொருத்திக்கும் இடம் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை.

ஏழாவதாக ஒரு கோழி வந்து வாசலில் நின்றது. "செந்தூவி அம்மாவின் கூடு இதுதானே? இங்கே யாரையும் இடமில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்" என்றது.

"யார் சொன்னது?" என்று கேட்டது மொட்டைக்கழுத்தி.

"முகம் தெரியவில்லை. புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வழி சொல்லிற்று."

மொட்டைக்கழுத்தி தலையைச் சாய்த்துச் செந்தூவியைப் பார்த்தது. "இரண்டு கழி. ஆறு பேர். கணக்கு முடிந்துவிட்டது, செந்தூவி."

செந்தூவி அந்தப் புதிய கோழியின் காலைப் பார்த்தது. சேறு அப்பியிருந்தது. நெடுந்தூரம் நடந்த கால். வண்டித்தடத்தில் ஓடி ஓய்ந்த தன் கால்கள் அதற்கு நினைவு வந்தன. "போ" என்று சொல்ல அலகு திறக்கவில்லை.

"கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் போயிற்று. உள்ளே வா, அம்மா" என்றது.

எட்டாவது வந்தது. ஒன்பதாவது வந்தது. பத்தாவதும் வந்தது. ஒவ்வொரு முறை புதர் அசையும்போதும் செந்தூவி தும்பை என்று நினைத்துக் கழுத்தை நீட்டும். ஒவ்வொரு முறையும் அது வேறு யாரோவாக இருக்கும். ஆனாலும் வந்தவளை விட மனம் வராது. அத்தனை பேரையும் அதே குரல்தான் அனுப்பியிருந்தது.

கூடு என்ன ரப்பரா, இழுத்தால் நீள? கழியில் இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மேலே இருந்தவர்களின் எச்சம் கீழே இருந்தவர்களின் முதுகில் விழுந்தது. இட்ட முட்டைகளை மிதித்து உடைத்தார்கள். கருப்பி பக்கத்தில் இருந்தவளின் இறகைக் கொத்திப் பிடுங்கியது; அவள் அடுத்தவளின் இறகைப் பிடுங்கினாள். புழுக்கத்தில் எல்லோரும் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

குறுணிதான் எல்லோரையும்விடச் சின்னவள். தள்ளுமுள்ளில் அது நகர்ந்து நகர்ந்து கடைசியில் வாசற்படிக்கே வந்துவிட்டது. உடம்பு உள்ளே, வால் வெளியே. கயிற்றை இழுத்தால் பலகை அதன் முதுகில் வந்து நின்றது. முழுதாக மூடவில்லை.

"எனக்கு இதுவே போதும், அக்கா. காற்று வருகிறது" என்றது குறுணி.

மறுநாள் காலை மொட்டைக்கழுத்தி செந்தூவியைத் தனியே அழைத்தது.

"உட்கார்ந்தவள் ஒரு சிறகை விரிக்க முடிந்தால் அதற்குப் பெயர் கூடு. விரிக்க முடியாவிட்டால் அது சந்தைக்கூடை. இப்போது நாம் சந்தைக்கூடையில் இருக்கிறோம். கதவும் மூடவில்லை. இந்தக் குடியிருப்பில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. வேறு கூடு எங்கேயும் இல்லையா?"

செந்தூவி தரையைக் கிளறியது. கிளறிய இடத்தில் ஒன்றும் இல்லை, இருந்தும் கிளறியது.

வேறு கூடு இருந்தது, குழந்தைகளே. கொல்லைச் சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டுக் கொல்லையில், கோவைக்கொடி முழுதும் படர்ந்து மூடிய ஒரு கூடு இருந்தது. ஐந்து பேர் சுகமாக இருக்கலாம். செந்தூவிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் சொன்னால் பாதிப்பேர் அங்கே போய்விடுவார்களே! கழியில் மறுபடியும் வெற்றிடம் விழுமே! சிறகை நகர்த்தினால் மறுபடியும் ஒன்றும் தட்டுப்படாதே!

"இல்லை. எனக்குத் தெரிந்து வேறு கூடு இல்லை" என்றது.

சொல்லிவிட்டது. ஆனால் பகல் முழுதும் இரை இறங்கவில்லை. வேலியோரம் தனியாக நின்றுகொண்டிருந்தபோது, புதருக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று பேசியது.

"ஏன் அம்மா, முகம் வாடியிருக்கிறது?"

"யார் அது?"

"யாராக இருந்தால் என்ன? போகிற வழியில் நிழலுக்கு ஒதுங்கியவன். உங்கள் பெரிய மனதைப் பற்றிக் காடே பேசுகிறது."

"பெரிய மனதாம்! கூட்டில் இடமே இல்லை. சிலரை வேறு இடத்துக்கு அனுப்பலாமா என்று பார்க்கிறேன்" என்றது செந்தூவி.

அந்தக் குரல் கேட்டது: "அனுப்பலாம், அம்மா. ஆனால் ஒன்று சொல்லுங்கள். போனவர்கள் திரும்பி வந்து நீங்கள் பார்த்ததுண்டா?"

செந்தூவிக்குப் புழுதி பறந்த தெருதான் கண்ணில் தெரிந்தது.

"நெருக்கமாக இருந்தால் என்ன? குளிருக்கு இதம்தானே. கதவு கொஞ்சம் திறந்திருந்தால் என்ன? காற்றோட்டம்தானே. எல்லோரையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அதுதான் அன்பு" என்றது அந்தக் குரல்.

தன் மனம் கேட்க விரும்பியதையே காதும் கேட்டதால் செந்தூவிக்கு ஆறுதலாக இருந்தது. புதருக்குள் யார் என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை.

அன்று மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோழிகள் நேரத்தோடு கூடடைந்தன. எல்லோரையும் முந்திக்கொண்டு போன செந்தூவி உட்கழியின் கோடியில் உட்கார்ந்தது. மற்றவர்கள் அதைச் சுவரோடு சேர்த்து நெருக்கினார்கள். கடைசியாகக் குறுணி வந்து வாசற்படியில் ஒடுங்கியது.

அப்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. மழைத்தூறலில் நனைந்த ஒரு வெள்ளைக் கோழி தட்டுத்தடுமாறிக் கொல்லைக்குள் வந்தது. ஒரு காலை நொண்டியது.

"அக்கா!" என்றது.

செந்தூவி கழுத்தை நீட்டியது. "தும்பை! தும்பையா அது?"

"நான்தான், அக்கா. போன ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி இந்தப் பக்கம் விறகுக்கு வந்தபோது குதித்துவிட்டேன். தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தேன்."

செந்தூவி கழியிலிருந்து இறங்கப் பார்த்தது. இறங்க முடியவில்லை. இந்தப் பக்கம் கருப்பி, முன்னால் இரண்டு பேர், கீழே மூன்று பேர். எத்தனையோ நாள் ஏங்கிய தங்கை பத்தடி தூரத்தில் மழையில் நிற்கிறது. அதன் அருகே போகத் தன் கூட்டில் தனக்கே வழி இல்லை.

"உள்ளே வா, தும்பை! வழி விடுங்கள், அவளுக்கு வழி விடுங்கள்!" என்று கத்தியது.

தும்பை வாசலில் எட்டிப் பார்த்தது. பத்துத் தலைகளைக் கண்டு திகைத்தது. "இத்தனை பேரா? ஏன் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூட்டுக்கு என்ன ஆயிற்று? இடிந்துவிட்டதா?"

எல்லாத் தலைகளும் மெல்லச் செந்தூவியின் பக்கம் திரும்பின.

"அந்தப் பக்கம் கூடு இருக்கிறதா?" என்று கேட்டது மொட்டைக்கழுத்தி.

செந்தூவி தலையைக் குனிந்துகொண்டது.

அதே நொடியில் புதரிலிருந்து ஒரு சாம்பல் நிற உருவம் பாய்ந்தது. காட்டுப்பூனை! "காட்டில் ஒவ்வொன்றாகத் துரத்தினால் மரத்தில் ஏறிவிடுகிறீர்கள். இப்போது எங்கே ஏறுவீர்கள்?" என்று அது சிரித்தபோதுதான் செந்தூவிக்கு அந்தக் குரல் யாருடையது என்று புரிந்தது.

பூனை வாசற்படியில் இருந்த குறுணியின் சிறகைக் கவ்வி இழுத்தது. "அக்கா! அக்கா!" என்று குறுணி அலறியது.

செந்தூவி பாய நினைத்தது. சிறகை விரிக்க இடமில்லை. கால் வைக்க இடமில்லை. பயந்த கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்வாங்கி அதைச் சுவரில் நசுக்கின. கண்ணெதிரே பூனை குறுணியை இழுத்துக்கொண்டு போகிறது, கூட்டுக்குச் சொந்தக்காரியான செந்தூவி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நல்லவேளை, தும்பை வெளியே இருந்தது. நொண்டிக் காலோடு பறந்து பூனையின் முதுகில் விழுந்து கொத்தியது. வாசலுக்கு அருகில் இருந்த மொட்டைக்கழுத்தி தலையை நீட்டி, பூனையின் கண்ணைப் பார்த்து ஒரே கொத்து! பூனை வீறிட்டுக் குறுணியை விட்டது. வாய் நிறைய இறகோடு புதருக்குள் ஓடி மறைந்தது.

குறுணி உயிர் தப்பியது. ஆனால் ஒரு சிறகு ஒடிந்து தொங்கியது.

கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாகச் செந்தூவி வந்தது. யாரும் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டது மொட்டைக்கழுத்தி.

"சொன்னால் போய்விடுவீர்களே என்று பயந்தேன்" என்றது செந்தூவி. "தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரையும் விடவில்லை. குறுணி, என்னை மன்னித்துவிடு, அம்மா."

"பூனை மறுபடியும் வரும். இருட்டுவதற்குள் ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்றது தும்பை. "அங்கே ஐந்து பேருக்கு இடம் உண்டு. யார் யார் வருகிறீர்கள்?"

மொட்டைக்கழுத்தி முன்னால் வந்தது. புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் தயங்கித் தயங்கி அதன் பின்னால் நின்றார்கள். ஒருத்தி நடுங்கினாள். "தெரியாத கூடு. கதவு மூடுமோ மூடாதோ!" என்றாள்.

"மூடும். நான் அங்கே ஒரு முறை அடைகாத்திருக்கிறேன். அந்தக் கதவுக்குக் கயிறு கிடையாது, தரையில் இருக்கும் ஒரு மரமுளையை மிதித்தால் பலகை விழும். பயப்படாதீர்கள், நானே உங்களோடு இருக்கிறேன்" என்றது தும்பை.

செந்தூவி திடுக்கிட்டது. "நீயா? நீ இப்போதுதானே வந்தாய், தும்பை! நான் உனக்காக..."

தும்பை அருகில் வந்து, நனைந்த கழுத்தை அக்காவின் கழுத்தோடு ஒரு கணம் சேர்த்துக்கொண்டது.

"இங்கே நீங்கள் ஆறு பேர், அக்கா. ஏழாவதாக நான் வந்தால் மறுபடியும் கதவு மூடாது."

செந்தூவி தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. குறுணி ஒடிந்த சிறகோடு நின்றது. அதை வெளியே அனுப்ப முடியுமா? கருப்பியை அனுப்பலாமா? 'என் தங்கைக்காக நீ எழுந்து போ' என்று சொல்ல, பொய் சொன்ன தனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"போய் வா, தும்பை. முளையை நன்றாக மிதி" என்றது.

சுவரில் ஓர் இடத்தில் கல் சரிந்து இடைவெளி இருந்தது. ஐந்து பேரும் அதன் வழியே அந்தப் பக்கம் போனார்கள். செந்தூவி மழையில் நின்று காது கொடுத்துக் கேட்டது. கோவைக்கொடி விலகும் சத்தம் கேட்டது. பிறகு 'டக்' என்று பலகை விழுந்தது. அப்புறம்தான் அது உள்ளே போய்த் தன் கயிற்றை இழுத்தது. கதவு தரைவரை இறங்கியது. செந்தூவி குறுணியைத் தன் சிறகுக்குள் வைத்துக்கொண்டது. சிறகு முழுதாக விரிந்தது.

அன்று இரவு காட்டுப்பூனை வந்து இரண்டு கூடுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. இரண்டு கதவுகளையும் நகத்தால் பிறாண்டிப் பார்த்தது. பசியோடு காட்டுக்குத் திரும்பியது. சில நாள் வந்தது. அப்புறம் வரவில்லை.

பகலெல்லாம் அக்காவும் தங்கையும் சேர்ந்தே மேய்ந்தார்கள். கறையான் புற்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரிந்திருந்த நாட்களின் கதைகளை ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்டாள். வெயில் தாழ ஆரம்பித்ததும் செந்தூவிக்குப் பேச்சு குறையும். 'இங்கிருந்து ஒருத்தியை அங்கே அனுப்பிவிட்டுத் தும்பையை இங்கே அழைத்துக்கொண்டால் என்ன?' என்று பலமுறை நினைத்தது. ஆனால் அங்கே போகவேண்டியவள் யார்? அந்தப் பக்கத்து நடுங்கிகளோ தும்பை வந்து நடுவில் உட்கார்ந்தால்தான் கண்ணை மூடுகிறார்களாம். கேட்க வாய்வரை வந்ததை அது ஒவ்வொரு நாளும் விழுங்கிக்கொண்டது.

ஒரு நாள் மாலை இன்னொரு வழி தவறிய கோழி வாசலுக்கு வந்தது. செந்தூவி அதன் காலைப் பார்த்தது. சேறு அப்பியிருந்தது.

"இங்கே ஆறு பேர் இருக்கிறோம், அம்மா. ஏழாவது பேருக்கு இடம் இல்லை" என்றது செந்தூவி. சொல்லும்போது குரல் தடுமாறியது, ஆனால் சொல்லிவிட்டது. "வருத்தப்படாதே. தெருக்கோடி வீட்டில் பழைய கூடு ஒன்று இருக்கிறது. கதவும் நன்றாக இருக்கிறது. வெளிச்சம் போவதற்குள் வா, நானே கொண்டுபோய் விடுகிறேன். காலையில் எங்களோடு மேய வந்துவிடு."

அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, தும்பை சுவர் இடைவெளியில் காத்துக்கொண்டிருந்தது.

"நேரமாகிவிட்டது, அக்கா. நான் போகட்டுமா?"

"இரேன், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது" என்றது செந்தூவி.

இருவரும் வெளிச்சம் இருக்கும்வரை நின்றார்கள். பிறகு தும்பை தன் கூட்டுக்குப் போயிற்று. அந்தப் பக்கம் பலகை விழும் சத்தம் கேட்கும்வரை செந்தூவி அங்கேயே நின்றிருந்தது.

நீதி: பிரிய மனமில்லாமல் ஏங்குவது அன்பு; கொள்ளாத கூட்டில் எல்லோரையும் அடைத்துவைப்பது அன்பாகாது.